இஞ்சின் கொட்டகை

எங்கள் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்குப் படகு என்றால் தேக்கடிதான். வேறு படகை நாங்கள் கண்டதில்லை. திராட்சை நல்ல விலைக்குப் போன ஒரு வருடம், அப்பா எங்கள் மூவரையும் குமுளி மலைப்பாதையில் பேருந்தேற்றி அங்கே அழைத்துப்போனார். யானையோ காட்டெருமையோ கரைக்கு வரும் என்று எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் படகின் பின்பக்கத்துக்குக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது சொன்னார்: "ரெண்டு சிலிண்டருக்கு மேல இருக்கும்டா. நம்மளது ஒத்தை. ஆனா நம்ம இஞ்சின் சத்தந்தான்." யானை வந்ததா இல்லையா என்பது இப்போது எங்களில் யாருக்கும் நினைவில் இல்லை.

அவர் ஒப்பிட்டது எங்கள் கிணற்றடியில் நின்ற டீசல் எஞ்சினை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஓரளவு கடலைப் பற்றியதும்கூட. ஓடைப்பட்டிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக எங்கள் மாவட்டத்துக்குள் இறங்குகிறது. லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அதனால் விளைகிறது. பேருந்து சன்னல் வழியாக அந்தப் பச்சையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், கம்பம் பள்ளத்தாக்கு முழுவதுமே தண்ணீரில் மிதப்பதாக எண்ணிக்கொள்வார்கள். ஓடைப்பட்டி கிழக்கே, மேகமலைச் சரிவுகளைப் பார்த்தபடி கிடக்கும் வறண்ட பக்கம். ஊர்ப் பெயரில் ஓடை உண்டு. அதில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் தோட்டத்துக்கு ஆற்றுநீர் எட்டாது. விதையில்லாத் திராட்சைக்கு எங்கள் ஊர் பெயர் பெற்றது என்றால், அது முழுக்கக் கிணற்றிலிருந்து இறைத்தெடுத்த பெயர்.

தாத்தா காலத்தில் கமலை. அப்பா 1974இல் புனேயில் செய்த ஐந்து குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கினார். ஒற்றைச் சிலிண்டர், நிமிர்ந்து நிற்கும் வகை, பக்கவாட்டில் பெரிய பறசக்கரம். கிணற்றடியில் மண்சுவரும் தகரமும் வைத்து அதற்கொரு கொட்டகை கட்டினார். வீட்டைவிட அது நல்ல நிழல். தேர்வுக்குப் படித்ததும், திருட்டுத்தனமாக முதல் பீடி குடித்ததும் (எங்களில் யார் என்று சொல்வதற்கில்லை) அங்கேதான். எஞ்சின் ஓடாத நேரங்களில் புகைக்குழாயின் வாயில் ஒரு கொட்டாங்குச்சி கவிழ்த்திருக்கும். மழைநீர் உள்ளே இறங்கினால் வால்வும் சிலிண்டரும் துருப்பிடிக்கும் என்பதற்காக. காலையில் அப்பா அதை எடுத்துச் சுவரில் வைத்தால் அன்று தண்ணீர் பாய்ச்சல் உண்டு என்று பொருள்.

1990 வாக்கில் தமிழ்நாட்டு உழவர்கள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. வரிசையில் காத்திருந்து எங்களுக்கு மின் இணைப்பு கிடைத்தது மறுவருடம். பொத்தானை அமுக்கினால் தண்ணீர். அதுவும் காசில்லாமல். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும் எஞ்சினை அதன் பிறகு யார் தொடுவார்கள்? கிணற்று நீர் இறங்கிக்கொண்டே போனபோது ஆழ்துளைக் கிணறு தோண்டிச் சப்மெர்சிபிள் இறக்கினோம். பழைய இரும்புக்காரர்கள் மிதிவண்டியிலும் பிறகு மினி லாரியிலும் வந்து எஞ்சினை விலை கேட்டார்கள். அப்பா ஒருமுறையும் மறுத்துப் பேசியதில்லை. "பாப்பம்" என்பார். பார்க்கவே இல்லை.

இனி 2012. தமிழ்நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வருடத்தின் மின்வெட்டை விளக்க வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று போனது. எங்கள் தோட்டத்து வரப்பில் நின்றால் நாலாபக்கமும் காற்றாலைகள் தெரியும். அப்போது மாநிலம் முழுவதும் சுமார் 7,000 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகள் நிறுவப்பட்டிருந்தன. ஆனால் காற்று வருவது மே மாதத்துக்குப் பிறகுதான். மாசியிலும் பங்குனியிலும் அவை திருவிழா முடிந்து பிரிக்க மறந்த பந்தற்கால்கள்போல அசையாமல் நின்றன. அவற்றின் நிழலில் எங்கள் கொடிகள் காய்ந்தன.

டிசம்பரில் கவாத்து செய்திருந்தோம். மார்ச் முதல் வாரத்தில் பிஞ்சுகள் மிளகுப் பருவத்தைத் தாண்டிப் பருக்கத் தொடங்கியிருந்தன. திராட்சை விசித்திரமான பயிர். இந்தக் கட்டத்தில் தண்ணீர் குறைந்தால் காய் சிறுத்துவிடும். காயவிட்டுப் பிறகு மொத்தமாகப் பாய்ச்சினாலோ பழுக்கும்போது தோல் வெடிக்கும். வெடித்த குலையை வியாபாரி கையால்கூடத் தொடமாட்டார். கல்தூணும் கம்பியும் மாற்றிப் பந்தலைப் புதுப்பிக்க அந்த வருடம்தான் கடன் வாங்கியிருந்தோம். மும்முனை மின்சாரம் பகலில் சற்று நேரம் வரும், இரவில் எப்போதோ வரும். வந்த நேரத்துக்குச் சப்மெர்சிபிள் ஓடி ஆழ்துளைத் தண்ணீரைத் திறந்த கிணற்றில் நிரப்பும். கிணற்றிலிருந்து பந்தலுக்கு இறைக்கும் நேரத்தில் மின்சாரம் போய்விடும். தண்ணீர் கண்ணெதிரே, பதினைந்து அடியில் கிடந்தது. எடுத்து ஊற்ற வழியில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மேலிருந்து உறிஞ்சும் பம்பு எதுவானாலும் 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை எடுக்கத் திணறும். காற்றின் எடை தண்ணீரை அவ்வளவுதான் மேலே தள்ளும்; கணக்குப்படி 34 அடி, நடைமுறையில் அதைவிடக் குறைவு. இதனால்தான் வறட்சிக் காலங்களில் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினார்கள். அந்தப் புகையில் மூச்சுமுட்டி இறந்தவர்களின் செய்தி இன்றும் அவ்வப்போது நாளேட்டின் உள்பக்கத்தில் வருகிறது. எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. ஆழ்துளைத் தண்ணீர் புண்ணியத்தில் கிணற்றில் நீர்மட்டம் மேலேயே இருந்தது. கொட்டகையில் நின்ற எஞ்சினே போதும், அது ஓடினால்.

எங்களில் மூத்தவர் அப்பாவோடு தோட்டத்தில். நடுவர் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு. இளையவன் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியர். மூவருக்கும் இரவில் தொலைபேசியில் வாக்குவாதம். இருபத்தொரு வருடம் கிடந்த இரும்பில் காசைப் போடாதே, கையில் தூக்கிக்கொண்டு போகிற புது வகைப் பம்பு வந்திருக்கிறது, அதை வாங்கு என்றார் நடுவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மாதம் அந்தப் பம்பு எங்கே கேட்டாலும் இருப்பில்லை. வாடகை எஞ்சினுக்கோ ஊரே வரிசையில் நின்றது. பழையதைச் சரிசெய்யலாம் என்றார் மூத்தவர். யாரை வைத்து? சின்னமனூரில் அதை அறிந்திருந்த பட்டறைக்காரர் காலமாகிவிட்டார். அவர் மகன் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறார். "எங்கப்பா காதுலயே பாப்பாருண்ணே. எனக்கு மீட்டர் வேணும்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

இளையவன்தான் சொன்னான், இங்கே வள்ளத்து மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், கூட்டிவரட்டுமா என்று. நாங்கள் சிரித்தோம். கடல் மோட்டார் பார்க்கிறவர் கிணற்று எஞ்சினை என்ன செய்வார்? "ரெண்டும் ஒண்ணுதான் சார், ஒண்ணு தண்ணிய எடுக்குது, ஒண்ணு தண்ணியத் தள்ளுது" என்று அவர் அவனிடம் சொன்னாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபின் கிளம்பி, மதுரையில் பேருந்து மாறி, நள்ளிரவுக்குச் சற்று முன் இருவரும் வந்து சேர்ந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். உப்பேறிய காக்கி அரைக்கால்சட்டை, துணிப்பையில் ஸ்பேனர்கள். சாப்பிடச் சொன்னதற்கு, முதலில் இஞ்சினைப் பார்த்துவிடலாம் என்றார். டார்ச் வெளிச்சத்தில் கைப்பிடியைப் பொருத்தி, அழுத்தம் விடுவிக்கும் நெம்புகோலைத் தூக்கிவிட்டு மெல்லச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. பலம் போடவும் இல்லை. நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, "காலைல பேசிக்கிடலாம்" என்று கை கழுவினார்.

அந்த இரவு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவர் சொன்னதை எல்லாம் எழுதினால் தனிக் கட்டுரையாகும். கொஞ்சம் மட்டும்.

அவருடைய கரையில் நாட்டுப்படகுகளில் இரண்டு விதம். ஒன்றில் டீசல் எஞ்சின் படகுக்குள் இருக்கும். அதிலிருந்து நீண்ட இரும்புத்தண்டு பின்புறமாகப் போய்த் தண்ணீருக்குள் விசிறியைச் சுழற்றும். லாங் டெயில் என்று பெயர். மற்றது அவுட்போர்டு: படகின் பின்பலகையில் கவ்வியைத் திருகி மாட்டுவது, தலை மேலே, கால் தண்ணீருக்குள். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்கத் தொடங்கிய அமைப்பு இன்றும் அதிகம் மாறவில்லை. இலங்கைத் தமிழர்கள் இதை வெளியிணைப்பு இயந்திரம் என்று எழுதுகிறார்கள். நல்ல சொல். அதை அவரிடம் சொன்னபோது, "மோட்டார்னா மோட்டார்தான் தம்பி" என்றார். 1980களில் குமரி, கேரளக் கரைகளின் கட்டுமரங்களிலும் ஒட்டுப்பலகைப் படகுகளிலும் இது பரவியது. முட்டத்தில் அத்தகைய படகுகளைக் கட்டிப் பார்த்த பெல்ஜியத்துக்காரர் பியர் ஜில்லே, சிறியதே கடினமானது என்று பொருள்படும் தலைப்பில் 1985இல் ஒரு நூலே எழுதினார். எங்கள் மெக்கானிக் அந்த நூலை அறியமாட்டார். ஆனால் அதன் தலைப்பை மறுக்கவும் மாட்டார்.

மீனவர்கள் அவுட்போர்டைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டும். திருப்பாமல் அணைத்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றாலும் கிளம்பாது. பழைய மோட்டார்களில் விசிறியைத் தண்டோடு பிணைக்க ஒரு சிறிய பின் உண்டு. விசிறி பாறையில் மோதினால் அந்தப் பின் முறியும், உள்ளே பல்சக்கரம் தப்பும். "அது ஒடையறதுக்குன்னே செஞ்சது. நம்ம ஆளு என்ன செய்வான், அடிக்கடி ஒடையுதேன்னு கெட்டியா ஆணிய அடிச்சு விட்டுருவான். பின்னு ஒடையாது. கியர் பாக்ஸ் ஒடையும். நடுக்கடல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நடுவர் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். அன்று மாலைதான் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். புதுப் பம்பைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். பேசினார், மறுநாள் காலையிலும் பேசினார்.

சனிக்கிழமை காலை பறசக்கரத்தின் ஆரத்தில் ஒரு வேப்பங்கட்டையைக் கொடுத்து, இரண்டு பக்கமும் மாறிமாறி நெம்பினோம். பத்து மணிவாக்கில் ஒரு முனகலோடு விரற்கடை அளவு நகர்ந்தது. பிறகு கால் சுற்று. பிறகு முழுச் சுற்று. தலையைக் கழற்றினார். தண்ணீர் சுற்றும் அறைகளில் உப்புக்காரை சுண்ணாம்புபோலப் படிந்திருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி. கேஸ்கெட் பொடியாக உதிர்ந்தது. பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, டார்ச்சைச் சிலிண்டருக்குள் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

லைனரின் உட்சுவரில் துருக்கோடுகள். வளையம் வளையமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, வெவ்வேறு உயரங்களில். பெரும்பாலானவை விரலால் தேய்த்தால் போகிற அளவுக்கு மெல்லியவை. ஒன்று மட்டும் ஆழமாக அரித்திருந்தது.

"இருபது வருசம் ஒரே எடத்துல நின்ன இஞ்சின்னா ஒரே ஒரு கோடுதான் இருக்கணும். பிஸ்டன் ரிங்கு நின்ன எடத்துல மட்டும். இது பல எடத்துல நின்னுருக்கு. யாரோ சுத்தி விட்டுக்கிட்டே இருந்துருக்காங்க. இந்தா, இந்த ஆழமான கோடு, இங்கதான் கடைசியா விட்டது. ஒரு நாலு வருசம் இருக்குமா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் யாரும் சுற்றியதில்லை. ஆயுதபூசைக்குச் சந்தனம் வைத்ததுகூட அம்மாதான். அப்பா கொட்டகை வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். 2008இல் வரப்பில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைசிகிச்சைக்குப் பிறகு தடியோடுதான் நடப்பார்.

"நீங்களாய்யா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"சும்மா கெடந்தா துருப்பிடிக்கும்ல தம்பி" என்றார் அப்பா. "தண்ணி பாச்சிட்டு வீட்டுக்குப் போறப்ப மாசத்துக்கு ஒருவாட்டி ரெண்டு சுத்து. நாலு வருசமாத்தான் முடியல." சொல்லிவிட்டு, வேறு யாரையோ பற்றிக் கேட்டதுபோலக் கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

பதினேழு வருடம். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தடி ஊன்றத் தொடங்கிய பிறகு எங்களிடம் சொல்லியிருக்கலாம், நாங்கள் சுற்றியிருப்போம் என்று இன்று எண்ணுகிறோம். சுற்றியிருப்போமா என்பது வேறு விஷயம். மின்சார மோட்டார் ஓடும்போது இது எதற்கு என்று கேட்டிருப்போம். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

"ஐயா சுத்தலேன்னா இது இரும்புக்கடைக்குத்தான்" என்றார் மெக்கானிக், எங்களைப் பார்க்காமல்.

ரிங் செட்டும் கேஸ்கெட்டும் தேனியில் கிடைக்கவில்லை. மதுரைக்குப் போய்த் தேடி வாங்கி வந்தவர் நடுவர். அவர் கைக்காசு. லைனரையே மாற்றிவிடலாமே என்று எங்களில் மூத்தவர் கேட்டதற்கு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இந்தக் கோடை தாண்டும், அடுத்த கோடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். எல்லாவற்றையும் புதிதாக்க அவருக்கு ஆசை இல்லை. எது இன்றைக்கு வேண்டும், எது காத்திருக்கும் என்று பிரித்துக்கொண்டே போனார். கடலில் பழகியவரின் கணக்கு அது என்று பின்னால் தோன்றியது. அங்கே எஞ்சின் நின்றுவிட்டால் அலை ஒதுக்குகிற இடத்துக்குத்தான் போக வேண்டும். பாக் நீரிணையில் அந்த இடம் அக்கரையாகவும் இருக்கலாம்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை என்பது படித்தவர்களுக்குத் தெரியும். காற்றைப் பதினேழு, பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கினால் அது ஐந்நூறு டிகிரிக்கும் மேல் சூடாகும். அதில் டீசலைப் புகைபோலத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். எல்லாம் அந்தத் தெளிப்பில் இருக்கிறது. நாசிலை வெளியே வைத்துக் கையால் பம்பு அடித்துக் காட்டினார். முதலில் மூத்திரம்போலச் சொட்டியது. ஊசியைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி அடித்தார். 'கிர்ர்' என்ற ஒரு சிறு சத்தத்தோடு வெண்புகையாகச் சிதறியது. "இந்தச் சத்தம் வந்தாப் போதும்." எங்களில் இளையவன் விரலை நீட்டப்போனபோது கையைத் தட்டிவிட்டார். சதுரச் சென்டிமீட்டருக்குச் சுமார் இருநூறு கிலோ அழுத்தம். தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்தால் விரலையே எடுக்க வேண்டிவரும்.

ஒரேயொரு மாற்றம் மட்டும் அவராகச் செய்தார். அவுட்போர்டு ஓடும்போது அதன் பின்பக்கத் துளை வழியாக நூல்போல ஒரு தண்ணீர்த் தாரை விழுந்துகொண்டே இருக்குமாம். குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே சுற்றுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தாரை நின்றால் உள்ளே ரப்பர் இறக்கை தேய்ந்துவிட்டது அல்லது பாசி அடைத்துவிட்டது என்று உடனே அணைத்துவிட வேண்டும். எங்கள் எஞ்சினில் குளிர்நீர் வெளியேறும் குழாய் கொட்டகைக்குப் பின்னால் மண்ணுக்குள் போனது, யார் கண்ணிலும் படாது. அவர் அதில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைக் கிளையாக எடுத்து, முன்பக்கச் சுவருக்கு மேலாகக் கொண்டுவந்து, அப்பாவின் முக்காலிக்கு நேரெதிரே வாய்க்காலில் விழும்படி கட்டினார். "ஐயா இங்கனயே உக்காந்து பாத்துக்கிடலாம். ஒண்ணுக்குப் போற வரைக்கும் நல்லாருக்குன்னு அர்த்தம்." அப்பா வாய்விட்டுச் சிரித்ததை நாங்கள் அபூர்வமாகவே பார்த்திருக்கிறோம்.

ஞாயிறு மாலை நான்கரை மணிக்கு டீசல் குழாயில் காற்றெடுத்தார். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்கச் சொன்னார்; எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியாமல் கை விலகிக்கொள்ளும். நடுவர்தான் சுற்றினார். வேகமேறியதும் நெம்புகோலை விட்டார். இரண்டு முறை வெறும் புகை. மூன்றாம் முறை, கொட்டகைத் தகரம் அதிர, கரும்புகையைக் கக்கிவிட்டு எங்கள் பிள்ளைப்பருவத்துச் சத்தம் கிளம்பியது. வார்ப்பட்டை ஏறியது. பம்பு தண்ணீர் பிடித்தது. அப்பா எதிரே மெல்லிய தாரை விழத் தொடங்கியது. அம்மா வீட்டிலிருந்து ஓடிவந்தாள், சத்தம் கேட்டு.

கால் மணி நேரம் போயிருக்காது, கம்பத்தில் இருந்த விளக்கு எரிந்தது. மின்சாரம். நாங்கள் மூவரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பா தடியால் தரையைத் தட்டினார்: "டேய், கரண்டு வந்துருச்சு. இஞ்சினை அமத்திட்டு மோட்டாரைப் போடுங்கடா. டீசல் என்ன சும்மாவா வருது?"

அந்தக் கோடையில் பந்தல் தப்பித்தது. அமோக விளைச்சல் என்று சொல்ல முடியாது. ஓரத்து நான்கு வரிசை காய் சிறுத்துப் போனது. கடனில் வட்டி கட்டினோம், அசலில் கொஞ்சம். செப்டம்பரில் டீசல் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறியபோது எஞ்சின் ஓடும் நேரத்தைக் குறைத்தோம். பருவமழை பொய்த்து மாநிலமே வறட்சியில் இருந்த அடுத்த கோடையில், அவர் சொன்னபடி லைனரை மாற்றினோம். அதற்கும் அவரே வந்தார். பேருந்துச் செலவுக்கு மேல் நாங்கள் கொடுத்ததில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டு, பழப்பெட்டி ஒன்றை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

கடல் எஞ்சினும் கிணற்று எஞ்சினும் ஒன்றுதான் என்று அவர் சொன்னதைப் பின்னாளில் நூல்களிலும் கண்டோம். 1960களின் தொடக்கத்தில் வியட்நாமின் மேகோங் கழிமுகத்து உழவர்கள், தங்கள் படகு மோட்டாரின் நீள்தண்டையும் விசிறியையும் ஒரு குழாய்க்குள் நுழைத்து வயலுக்குத் தண்ணீர் இறைத்தார்கள். வங்கதேசத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1980களில் பாசனத்துக்காக இறக்குமதியான டீசல் எஞ்சின்கள் மழைக்காலத்தில் வேலையின்றிக் கிடந்தபோது, அவற்றை எடுத்து நாட்டுப்படகில் பூட்டினார்கள். துடுப்பும் பாயும் சில ஆண்டுகளிலேயே அரிதாகிவிட்டன. யாரும் திட்டம் தீட்டிச் செய்ததல்ல. எஞ்சின் சும்மா கிடப்பதைப் பொறுக்காத மனிதர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகளில் மின்வெட்டு ஓய்ந்தது. அப்பா 2018இல் காலமானார். நடுவர் இப்போது சூரியசக்தி பம்பைப் பற்றிப் பேசுகிறார். 2019இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மானியம் உண்டு என்று விண்ணப்பத்தாளே வாங்கி வந்துவிட்டார், இம்முறையும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எஞ்சினை விற்பதா என்ற பேச்சு வந்தபோது இளையவன் மெக்கானிக்கைத் தொலைபேசியில் கேட்டான். வள்ளத்துக்கு ஆகாது என்றார் அவர், கனம் அதிகம். கிணற்றடியில் எருமை கனம் இருக்கலாம், படகில் எஞ்சினின் கனம் எல்லாம் மீனைக் குறைத்துக்கொள்ளும் கனம். பிறகு தம் கரையைப் பற்றிப் பேசினார். 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனபோது, அக்கரையில் அவருக்குத் தெரிந்தவர்கள் பலர் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார்களாம். "கழட்டி வச்சவன் அப்பப்ப கயித்தை இழுத்து விட்டானோ என்னமோ" என்றார்.

விற்பது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. மாதத்துக்கு ஒருமுறை சுற்றுகிறோம் என்று சொல்ல மாட்டோம். தோட்டத்தில் இருக்கிற மூத்தவர் நினைவு வந்தால் சுற்றுகிறார், மற்ற இருவரும் ஊருக்கு வரும்போது சுற்றுகிறோம். போன ஐப்பசியில் மூவரும் சேர்ந்திருந்தோம். புகைக்குழாயின் வாயிலிருந்த கொட்டாங்குச்சி இற்று ஓட்டை விழுந்திருந்தது. அம்மா சமையலறையிலிருந்து வேறொன்று கொண்டுவந்து கொடுத்தாள். அளவு சற்றுப் பெரிது. காற்றுக்கு விழாமலிருக்கக் கம்பியால் கட்டி வைத்தோம். அன்று இரவே மழை.